ஓர் ஆள் இடைவெளி

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெல்லிப்பழைப் பக்கம் போனாலும் சரி, கோப்பாய்ப் பக்கம் போனாலும் சரி, பெற்றோல் அடிக்கிற செட்டைத் தேட வேண்டியதில்லை. வரிசையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். பெரிய டொக்டர்மார் எல்லாம் சைக்கிள் மிதித்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு வந்து, பெரியபிள்ளையான மகளின் சாமத்திய வீட்டை நடத்தி, வந்தவர்களுக்குப் பந்தியும் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மோட்டார் சைக்கிள் விட்ட இடத்திலேயே நின்றது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, பேக்கரிக்கு ஈஸ்ட் இல்லை. கள்ளுக்கு மட்டும் குறைவு வரவில்லை. பனைக்கு டொலர் தேவையில்லை.

அந்த வருஷம், கம்பஸ் பிள்ளைகளின் கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்சம் முந்தித்தான், மாஷல் ஐயாவின் வெள்ளைக் காற்சட்டையில் கள்ளுக் கொட்டியது.

மாஷல் என்றால் பட்டாளத்து ஆள் என்று நினைக்க வேண்டாம். கம்பஸுக்குள்ளே பெடியளும் பெட்டையளும் ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்த்துத் திரிகிற உத்தியோகம் அது. எந்தக் கம்பஸ் என்று கேட்காதீர்கள். நான் அதன் பின்பக்கத்து ஒழுங்கையில் கள்ளுத் தவறணையில் வார்த்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடப் படிப்பு எனக்கு இல்லை. கம்பஸுக்குள் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம்தான் கால் வைத்தேன், அதுவும் சாட்சி சொல்ல. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

தவறணை வேலிக்கும் கம்பஸ் மதிலுக்கும் நடுவில் அந்த ஒழுங்கை மட்டும்தான். மதிலில் ஓரிடம் சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்து உடைந்தது. பிறகு சமாதானம் வந்து, காசு வந்து, பெரிய கட்டடங்கள் எல்லாம் எழும்பின. அந்த ஓட்டைக்கு மட்டும் கம்பிவலை அடித்து விட்டுவிட்டார்கள். நான் நின்று வார்க்கிற இடத்திலிருந்து அந்த வலைக்கூடாகப் பார்த்தால் ஒரு வேப்பமரமும் அதன் கீழே ஒரு சீமெந்து வாங்கும் தெரியும். யாரோ செத்துப்போன தகப்பனின் நினைவாகக் கட்டிக் கொடுத்த வாங்கு. மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். அந்த மூன்றாவது ஆள்தான் மாஷல் ஐயா.

சொல்லுகிறேன். பெடியனும் பெட்டையும் ஒன்றாக இருந்தால் "தகுந்த இடைவெளி" விட்டு இருக்க வேண்டும் என்று கம்பஸில் சட்டம் போட்டிருந்தார்கள். எவ்வளவு தகுந்தது என்று போட்டவர்கள் சொல்லவில்லை. முந்தி இருந்த மாஷல்மார் சத்தம் போட்டுக் கலைத்துவிட்டுப் போவார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார். யோசிக்கிற மனிசன். தகுந்த இடைவெளி என்றால் ஓர் ஆள் இடைவெளி என்று தனக்குத் தானே தீர்த்துக்கொண்டார். ஆள் இல்லாமல் அந்த இடைவெளி எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஆகவே தானே போய் நடுவில் இருந்துவிடுவார். கையில் கறுப்புக் குடை. வெயிலோ மழையோ அந்தக் குடை இருக்கும். அதைக் காலுக்கு நடுவில் ஊன்றி, பிடியில் நாடியை வைத்துக்கொண்டு, "நான் இருக்கிறதிலை உங்களுக்குக் கரைச்சல் இல்லைத்தானே?" என்று கேட்பார். கரைச்சல் என்று சொல்லவும் ஏலாது, இல்லை என்று சொல்லவும் ஏலாது. பிள்ளைகள் எழும்பிப் போய்விடும்.

அவர் தூரத்தில் வரும்போதே பெடியள் "மழை வருது, மழை வருது" என்று கத்துவார்கள். ஆவணி வெயிலில் கத்துவார்கள். அவரும் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். அது தனக்குத்தான் என்று தெரிந்து பார்த்தாரா தெரியாமல் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பின்னேரம் வாசலில் நிற்பது இன்னொரு வேலை. வெளியே போய்விட்டு வருகிற பெடியளை மறித்து, "எங்கை, ஒரு தேவாரம் படியும் பாப்பம்" என்பார். பக்தியால் அல்ல. தேவாரம் படிக்க வாய் திறக்க வேணும். வாய் திறந்தால் மணம் வரும். மூக்கை நீட்டிக்கொண்டு கிட்ட நிற்பார். ஒரு கரையோரப் பெடியன், "சேர், நாங்கள் வேதக்காரர்" என்றானாம். "அப்ப செபம் சொல்லும்" என்றாராம். ஒரு சிங்களப் பெடியன் தன்னுடைய பள்ளிக்கூடப் பாட்டைப் படித்திருக்கிறான். முழுவதையும் கேட்டுவிட்டு, "பாசை விளங்கேல்லை மோனை, மணம் விளங்குது" என்று சொல்லி உள்ளே விட்டாராம். விட்டாராம் என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு அவனுடைய முதல் தரம் என்றபடியால் விட்டார். சட்டத்தை அவர் தலைகீழாகப் பாடமாக்கி வைத்திருந்தார். ஆனால் அதைத் தூக்கி ஒரு பிள்ளையின் தலையில் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் செய்ததெல்லாம் கரைச்சல் கொடுத்ததுதான். ஓயாமல் கொடுத்தார்.

என்னிடம் வருகிற கம்பஸ் பெடியளில் பண்டத்தரிப்புப் பெடியன் ஒருவன் இருந்தான். வாய்க்காரன். அவன்தான் அந்தக் கூட்டத்தை ஆட்டிவைக்கிற கூத்து அண்ணாவியார் மாதிரி. ஒரு நாள் குடித்துக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அப்பு, உங்கடை தவறணையிலை சட்டம் ஏதும் இருக்கோ?"

"இருக்கு மோனை. குடிச்சதுக்குக் காசு குடுக்கோணும். சத்தி எடுக்கிறதெண்டா வேலிக்கு அங்காலை."

"கேட்டியளோடா? உதுதான் நாடு! எங்கடை கம்பஸிலை பிறந்தநாளுக்குக் கேக் வெட்டப்படாது, பெட்டையைச் சைக்கிளிலை ஏத்தப்படாது, பிரியாவிடைக்குப் படிக்கிற பாட்டை முதலே காட்டி அனுமதி எடுக்கோணும். சிரிக்கிறதெண்டா எத்தினை பல்லுத் தெரியலாம் எண்டும் இனிப் போடுவாங்கள்."

"அது படிக்கிற இடம் மோனை."

"அப்பு, வாக்குப் போட வயசு காணும். கலியாணம் கட்ட வயசு காணும். வாற வருசம் பள்ளிக்கூடத்திலை ஒரு வகுப்புப் பிள்ளையளை என்ரை கையிலை தரப்போறாங்கள். எனக்குப் பக்கத்திலை ஒரு பெட்டை இருந்தா மட்டும் என்னைப் பாரமெடுக்க ஒரு ஆள் வேணுமாம். அதுவும் குடையோடை!"

நியாயம்தானே? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவன் கள்ளு மணம் போக வேலிக்கரைக் கொய்யாவில் கொழுந்து முறித்துச் சப்பிக்கொண்டு போனான். அந்தக் கொய்யா இந்தப் பெடியளால் ஒரு வருஷமும் ஒழுங்காகக் காய்க்கவில்லை. வாசலில் தேவாரத்துக்கு நிறுத்தினால் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பி நின்று படிப்பானாம். "சாமி பக்கம் பாத்துத்தான் படிக்கோணும் சேர்." மணம் எல்லாம் சாமிக்கே போய்விடும். நல்ல குரல். அந்தக் கம்பஸிலேயே உருக்கமாகத் தேவாரம் படித்தவனும் அவன்தான், அதிகமாகக் குடித்தவனும் அவன்தான். மாஷல் ஐயா என்னிடம் வந்து, "அந்தப் பண்டத்தரிப்புப் பெடியனைப் பாருங்கோ அண்ணை, எவ்வளவு பக்தி" என்று புகழ்ந்துவிட்டுப் போவார்.

ஓம், என்னிடம் வருவார். அதுதான் எல்லா வினைக்கும் தொடக்கம். ஒவ்வொரு பின்னேரமும் ஒழுங்கையால் வந்து வேலிக்கு வெளியே நிற்பார். குடையை விரித்துக்கொண்டு நிற்பார்.

"அண்ணை, என்ரை பிள்ளையள் ஆரும் உள்ளுக்கை நிக்கினமோ?"

"எனக்கு உங்கடை பிள்ளை ஆர், ஊர்ப் பிள்ளை ஆர் எண்டு தெரியாது ஐயா. வந்து பாருங்கோவன்."

"சீச்சீ. உத்தியோகத்தர் உள்ளுக்கை வரப்படாது. சட்டம்."

உள்ளே வர ஏலாது. உள்ளே நிற்பவர்கள் வெளியே வர மாட்டார்கள். அப்படியே கன நேரம் நிற்பார். பிறகு மெல்லக் கதை தொடங்கும். வெங்காயம் என்ன விலை, சீனி வந்ததா, இன்றைக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும். அவருக்குப் பெண்சாதி பிள்ளைகள் இல்லை. கோப்பாயில் தனியத்தான் இருந்தார், தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. இதையெல்லாம் அந்த வேலிக்கு அங்கால் நின்று சொன்னதில்தான் நான் அறிந்தேன். ஒழுங்கையால் போகிற சனம் என்ன காணும்? தவறணை வாசலில் ஒவ்வொரு நாளும் ஒரு மனிசன், முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு. "மாஷல் நல்லாக் கள்ளுப் பாவிக்கிறார் போலை" என்று கதை எழும்பியது. அந்தக் கதை கம்பஸுக்குள்ளும் போனது. பெடியள் அதைச் சர்க்கரை மாதிரி நக்கினார்கள். எங்களை மணந்து பார்க்கிறவர் தானே குடிக்கிறார் என்றால் எந்தப் பெடியனுக்குத்தான் இனிக்காது?

இனி அந்தப் பெட்டையைச் சொல்ல வேணும். தெல்லிப்பழைப் பிள்ளை, தோட்டக்காரக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் கம்பஸ் வாசல் கண்ட முதல் ஆள். எங்கள் பண்டத்தரிப்பானுக்கு அந்தப் பிள்ளையில் விருப்பம், பிள்ளைக்கும் விருப்பம். வாங்கில் இருப்பார்கள். குடை வரும், நடுவில் இருக்கும். மற்றப் பிள்ளைகள் எழும்பிப் போவதைப் போல இந்தப் பிள்ளை எழும்பாது. அது வேறு வழி கண்டுபிடித்தது. நான் வலைக்கூடாகப் பார்த்து நின்று ஒரு நாள் கேட்டது இது.

"ஐயா, நேற்று ஏன் போன் எடுக்கேல்லை எண்டு உவரிட்டைக் கேளுங்கோ."

மாஷல் ஐயா மற்றப் பக்கம் திரும்பினார். "தம்பி, நேற்று ஏன் போன் எடுக்கேல்லை?"

"சார்ஜ் இல்லை எண்டு சொல்லுங்கோ சேர்."

"சார்ஜ் இல்லையாம் பிள்ளை."

"கரண்ட் வெள்ளனவே வந்திட்டுது எண்டு சொல்லுங்கோ."

"அது சரிதான் தம்பி. எங்கடை பக்கமும் நேற்று வெள்ளன வந்திட்டுது. நீர் சார்ஜிலை போட்டிருக்கலாம்."

"சேர், நீங்கள் ஆரின்ரை பக்கம்?"

"நான் நடுவிலை இருக்கிறன் தம்பி. நியாயம் அந்தப் பக்கம் கிடக்கு."

சட்டப்படி இடைவெளி இருந்தது. சட்டப்படி மாஷல் கடமையில் இருந்தார். நான் வார்த்த கள்ளு வழிந்து கையில் ஊற்றியது, சிரித்த சிரிப்பில். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். அந்த வாங்கில் அந்தக் காதலர்கள்கூட அவரைப் போலச் சந்தோசமாக இருக்கவில்லை. மனிசனுக்கு வீட்டில் கதைக்க ஆள் இல்லை. சட்டம் ஒன்று கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய் ஆட்களுக்கு நடுவில் இருந்தார் என்று நான் நினைக்கிறேன். அது அந்தப் பிள்ளைகளுக்குக் கரைச்சல் இல்லையா என்றால், கரைச்சல்தான். வேறொருவரின் தனிமைக்கு அவர்கள் ஏன் இடம் விட வேணும்?

பிரியாவிடை வந்தது. பின்னேரம் ஐந்து மணிக்குள் முடிக்க வேணும், மேடைக்கு அந்தப் பக்கம் பெட்டையள் இந்தப் பக்கம் பெடியள் என்று ஆயிரம் கட்டளை. கேக் வெட்டவும் தடை. அப்போது அந்தத் தெல்லிப்பழைப் பிள்ளை சொன்னதாம், கேக்தானே கூடாது, நாங்கள் அப்பம் சுடுவோம் என்று. ஹொஸ்டலில் அடுப்பு வைப்பதும் தடைதான். ஒளித்து ஒரு கரண்ட் அடுப்பு வைத்திருந்தார்கள். மா கிடைத்தது, தேங்காய் கிடைத்தது. புளிக்க வைக்க ஈஸ்ட் எங்கும் இல்லை. எங்கள் வீடுகளில் அப்பத்துக்குக் கள்ளு விட்டுத்தானே மா புளிக்க வைப்பார்கள்? பிள்ளை பெடியனை அனுப்பியது.

அவன் என்னிடம் வந்து ஒரு சோடாப் போத்தலை நீட்டினான். "அப்பு, அப்பக்கள்ளு. சத்தியமா அப்பத்துக்கு." அவன் குடிக்காமல் வாங்கிக்கொண்டு போன கள்ளு அந்த ஒன்றுதான். நான் முக்காலுக்கு வார்த்து, "மூடியை இறுக்கிப் பூட்டாதை மோனை, வெயிலுக்குப் பொங்கும்" என்றேன்.

"இறுக்காட்டி மணம் வரும் அப்பு. குடை பிடிச்சிடும்" என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான்.

கொண்டுபோய் அந்த வாங்கில் பெட்டையிடம் கொடுத்தான். பிள்ளை துணிப்பைக்குள் வைத்தது. எழும்பிப் போக முந்திக் குடை வந்துவிட்டது. வந்தவர் பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நடுவில் இருந்தார். "பையை நான் வைச்சிருக்கிறன். நீங்கள் கதையுங்கோ."

பிள்ளையின் முகம் வெளுத்தது எனக்கு வலைக்கூடாகவே தெரிந்தது.

"ஐயா, பையைத் தாங்கோ, நான் போறன்."

"இரும் பிள்ளை. பிரியாவிடைக்கு என்ன செய்யிறியள்?"

"அப்பம், ஐயா. உங்களுக்கும் கொண்டுவந்து தாறன். பையைத் தாங்கோ."

"எனக்கும் தருவீரோ? அப்பம் திண்டு கன காலம் பிள்ளை."

அந்த நேரம் பார்த்து நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர், கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகளுக்குக் கம்பஸைக் காட்டிக்கொண்டு அந்தப் பாதையால் வந்தார். பெடியன் கண்டுவிட்டான். "எழும்படி" என்றான். இரண்டு பேரும் வாசிகசாலைக் கட்டடத்துக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். பை மாஷல் ஐயாவின் மடியில். பரீட்சைக்கு முதல் பிடிபட்டால் ஒரு வருஷம் வெளியே நிற்க வேணும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

பெரியவர் வாங்குக்குக் கிட்ட வந்தார். மாஷல் ஐயா மரியாதைக்கு எழும்பினார். எழும்பியதில் பை குலுங்கியது. டப் என்று ஒரு சத்தம். எங்கள் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கொஞ்சப் பேர் குனிவார்கள், நானும் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பைக்குள்ளிருந்து நுரை பொங்கி அவருடைய சேட்டு, காற்சட்டை, சப்பாத்து எல்லாம் கள்ளு. விருந்தாளி அம்மா ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினா.

"இது யாருடைய பை?" என்று பெரியவர் கேட்டார்.

மாஷல் ஐயா வாசிகசாலைப் பக்கம் பார்க்கவில்லை. அதை நான் திட்டமாகச் சொல்லுவேன், ஏனென்றால் நான் பார்த்தேன். குடையை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, "என்ரை" என்றார்.

பெரியவருக்கு அது அதிசயமாகவே இல்லை. அந்தத் தவறணைக் கதை அவருடைய காதுக்கும் முதலே போயிருந்தது.

விசாரணைக்கு முதல்நாள் மாஷல் ஐயா வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"அண்ணை, நாளைக்கு உங்களையும் கூப்பிடுவினம். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ."

"அந்தப் போத்தல் நான் வார்த்துக் குடுத்தது ஐயா. அப்பத்துக்கு."

"தெரியும். அப்பம் எண்டு பிள்ளை அண்டைக்கு வாங்கிலை சொன்னது."

"அப்ப அதைச் சொல்லி விடுங்கோவன். அப்பம் சுடுறது ஒரு குற்றமோ?"

"அப்பம் எண்டா, எங்கை சுட்டது எண்டு கேப்பினம். ஹொஸ்டலிலை அடுப்பு வைச்சது ஒரு குற்றம். கள்ளு உள்ளுக்கை வந்தது ஒரு குற்றம். பெடியனோடை வாங்கிலை இருந்தது இன்னொண்டு. எல்லாம் ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை தலையிலை விழும். சோதினை கிட்டுது. எனக்கெண்டா ஒரு குற்றம்தானே அண்ணை."

"நீங்கள் குடிக்கிறேல்லையே ஐயா."

"அது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அதாலைதான் வந்தனான். கேட்டதுக்கு மட்டும்."

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பெரிய மேசை, குளிர்ப் பெட்டி, மூன்று நாலு படித்த ஆட்கள். மாஷல் ஐயா ஒரு மூலைக் கதிரையில். இரண்டு பக்கமும் ஒருவரும் இல்லை.

"இவரைத் தெரியுமா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஓம் ஐயா."

"உங்கள் தவறணைக்கு வருகிறவரா?"

"ஓம், ஆனா அவர்…"

"ஓமா இல்லையா?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமா?"

"லீவு நாளிலை வாறேல்லை."

ஒருவர் சிரித்தார். தவறணைக்கு வந்து என்ன செய்வார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேறு என்ன செய்வார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பேராசிரியை அம்மா மட்டும், நல்ல மனிசி, "அங்கே வந்து வழமையாக என்ன கேட்பார்?" என்று கேட்டா. எனக்கு உயிர் வந்தது. உண்மை தானாக வெளியே வரட்டும் என்று நினைத்து, "என்ரை பிள்ளையள் நிக்கினமோ எண்டு கேப்பார் அம்மா" என்றேன்.

அந்த அம்மாவின் கண் விரிந்தது. "மாணவர்களோடு சேர்ந்துமா குடிக்கிறவர்?"

மாஷல் ஐயா மூலையிலிருந்து எழும்பினார். "இல்லை மடம். தனியத்தான் குடிக்கிறனான்."

அவ்வளவுதான். வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். சட்டம் சட்டம் என்று திரிந்தவர் வேலையில் இருந்த காலம் முழுவதும் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி நாள் அவர் வாசலால் வெளியே போகும்போது பெடியள் இரண்டு பக்கமும் நின்றார்களாம். "சேர், எங்கை, ஒரு தேவாரம் படியுங்கோ பாப்பம்!" என்று ஒருவன் கத்த, எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள். மனிசன் நின்று, குடையைக் கக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, ஒரு தேவாரம் முழுக்கப் படித்தாராம். குரல் நல்லாயில்லையாம். வாயை நன்றாகத் திறந்து படித்தாராம். கிட்டப் போய் மணந்து பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார். முதல் தரமாக வேலிக்கு உள்ளே வந்தார். "இனி எனக்குச் சட்டம் இல்லை அண்ணை." இரண்டு மேசன்மார் ஒரு வாங்கில் இருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வாங்கு வெறுமையாகக் கிடந்தது. இவர் போய் அவர்களுக்கு நடுவில் இருந்தார். "நான் இருக்கிறதிலை உங்களுக்குக் கரைச்சல் இல்லைத்தானே?"

"இருங்கோ அண்ணை, இருங்கோ" என்று அவர்கள் தள்ளி இடம் விட்டார்கள்.

நான் வார்த்துக் கொடுத்தேன். மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். கன நேரம் பிடித்தார். "பெடியளின்ரை வாயிலை மணக்கேக்கை இதைவிட நல்லாயிருந்தது" என்று சொல்லிக் குடிக்காமலே கீழே வைத்தார். மேசன்மாரில் ஒருவர் எடுத்துக் குடித்தார்.

பிறகு அந்தத் துணிப்பையை என்னிடம் தந்தார். தோய்த்து, காயப்போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தார். "பிள்ளை வந்தாக் குடுத்துவிடுங்கோ. பெடியனையும் கண்டா ஒண்டு சொல்லுங்கோ. அப்பக்கள்ளுப் போத்தலை இறுக்கி மூடப்படாது. மூச்சு விட இடம் இருக்கோணும்."

பெடியனும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. பரீட்சை நடந்தது. இரண்டு பேரும் பாஸ் பண்ணினார்கள், கலியாணம் கட்டினார்கள், இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்களாம். நல்லாயிருக்கட்டும். தாங்கள் விட்டுவிட்டு ஓடிய போத்தலை மாஷல் திறந்து குடித்து, குடித்த கையோடு பெரியவரிடம் அகப்பட்டார் என்றுதான் அவர்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டப் என்ற சத்தம் வாசிகசாலைக்குப் பின்னால் கேட்டிருக்காது. கேட்டாலும் அது என்ன சத்தம் என்று யார் கண்டது?

மாஷல் ஐயா போன பங்குனியில் செத்துப்போனார். கோப்பாயில் செத்த வீடு. நான் போயிருந்தேன். தமக்கை ஒருத்தி தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தா. சனம் குறைவு. பந்தலுக்குக் கீழே இரண்டு இளந்தாரியள் போன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன தம்பி என்று எட்டிப் பார்த்தேன். அவுஸ்திரேலியாவில் பழைய கம்பஸ் பிள்ளைகளின் ஒன்றுகூடல். எங்கள் பண்டத்தரிப்பான், இப்போது கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறான், கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் போத்தலோடு தள்ளாடித் தள்ளாடி நடித்துக் காட்டுகிறான். "ஒரு தேவாரம் படியும் பாப்பம்!" ஆணும் பெண்ணும் ஒரே சோபாவில் நெருக்கி இருந்து, வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். அந்தத் தெல்லிப்பழைப் பிள்ளையும் இருக்கிறது. அது சிரிக்கவில்லையோ என்று பார்த்தேன். சிரித்தது.

"நல்லாக் குடிச்சவராம் அப்பு. அதாலைதான் வேலையும் போச்சாம்" என்றான் ஒரு இளந்தாரி.

தமக்கையின் காதில் விழுந்தது. அவ அழுகையை நிற்பாட்டி என்னைப் பார்த்தா. என்னை அவவுக்கு யார் என்று தெரியும். தவறணைக்காரன். நான் வாயைத் திறந்து, "இல்லையம்மா, அவர் ஒரு சொட்டும் குடிச்சதில்லை" என்றேன். கள்ளு விற்றவன் சொல்லுகிற பேச்சை யார் நம்புவார்கள்? அவ தலையைக் குனிந்துகொண்டா.

அதனால்தான் உங்களிடம் சொல்லுகிறேன். உங்கள் சொந்தக்காரர் யாராவது அந்தப் பக்கம் இருப்பார்கள். இல்லாத வீடு இப்போது ஏது? அந்தப் பிள்ளைகளைக் கண்டால் சொல்லிவிடச் சொல்லுங்கள். பகிடியை விட வேண்டாம், பகிடி நல்லாய்த்தான் இருக்கிறது; குடையை அப்படியே பிடிக்கிறான். போத்தலை மட்டும் கையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். கோப்பாயில் அந்தத் தமக்கை இருக்கிறா, ஒரு தரம் போன் எடுத்து அவவுக்கு உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். பை என்னிடம் இருக்கிறது, ஊருக்கு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். அப்பத்துக்குக் கள்ளு வேணுமென்றால் நான் வாங்கித் தருவேன். ஆனால் போத்தலை இறுக்கி மூட வேண்டாமாம். அந்த மனிசன் சொல்லிவிடச் சொன்னவர்.